ஆக்குவோர் அறம்

கேமரன் மலையில் பிரிஞ்சாங் நகரைக் கடந்து வடக்கே செல்லும் சாலையில், கடல் மட்டத்திற்கு மேல் 5,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் கியா பார்ம் அமைந்துள்ளது. சாலையோரமெங்கும் காய்கறிக் கடைகள். சோளமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தேனும் ஸ்ட்ராபெரிப் பழமும் அங்கே குவிந்திருக்கும். அருகிலிருந்து பிரியும் குறுகிய மலைப்பாதை சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்கு இட்டுச் செல்கிறது.

அங்குக் கடை வைத்திருக்கும் ஒருவர் என் பழைய மாணவர். அவருடைய பாட்டியார் தேயிலைக் கொழுந்து பறித்தவர். தந்தையார் தோட்டத்து லாரி ஓட்டியவர். மூன்றாம் தலைமுறையில்தான் அக்குடும்பத்தில் ஒருவர் தமக்கென ஒரு தொழில் அமைத்துக்கொண்டார். அவரும் அவர் மனைவியும் கடந்த ஆண்டு விடுமுறையில் என்னைக் காண வந்திருந்தனர். மாலையில் விலைபோகாமல் எஞ்சும் பழங்களை அவர் மனைவி ஜாம் ஆக்கி விற்கிறார். அதற்கும் எஞ்சியவை குப்பைக்குப் போகின்றன. “அவற்றைக் கொண்டு சிறிய அளவில் ஒயின் செய்து விற்றால் என்ன, ஐயா?” என்று மாணவர் கேட்டார். அவர் மனைவி ஒன்றும் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எளிய கேள்விதான். எனினும் அன்று என்னால் விடை கூற இயலவில்லை. அதன் பின்னர் நெடுநாள் எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில், அவர்கள் பக்கத்து நியாயத்தைக் கூற வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து சிறிய மது ஆலை நிறுவுவது உலகில் புதுமையன்று. கருநாடகத்தில் ஹம்பிக்கு அருகே கிருஷ்ணபிரசாத், உமா என்னும் தம்பதியர் திராட்சைத் தோட்டம் வளர்த்து, தம் இருவர் பெயரையும் இணைத்துக் ‘கிருஸ்மா’ என்னும் பெயரில் ஒயின் செய்துவருகின்றனர். அவர்கள் முன்னரே பெருந்தொழில் கண்டவர்கள். கியா பார்ம் தம்பதியரிடமோ ஒரு கடையும் இரண்டு பேருடைய உழைப்பும் மட்டுமே உள்ளன. ஆயினும் ஆசை ஒன்றுதான். தம் மண்ணில் விளைந்ததைத் தம் கையால் பக்குவப்படுத்தி, தம் பெயரிட்டு உலகிற்குத் தரவேண்டும் என்னும் ஆசை அது. 1929இல் ஜே. ஏ. ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாள்முதல் இம்மலையில் தமிழர் ஆக்கிய பொருளுக்குக் குறைவில்லை. ஆனால் அப்பொருளில் அவர்கள் பெயர் இருந்ததில்லை. அந்த ஆசையை எவ்வாறு குறை கூறுவது?

ஒயின் ஆக்குவதில் நுண்மையும் பொறுமையும் உண்டு. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் பழத்தின் சர்க்கரையை உண்டு, அதனைச் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லூயி பாஸ்டர் இதனை உலகிற்கு விளக்கிக் காட்டினார். நன்கு பழுத்த திராட்சையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும். ஸ்ட்ராபெரியில் அந்த அளவு இல்லை. ஆகவே சர்க்கரை சேர்த்தே அதனை நொதிக்கவைக்க வேண்டும். நொதித்தலுக்கு நாள்கள், தெளிதலுக்கு வாரங்கள், முதிர்தற்கு மாதங்கள் ஆகும். அழுகிப்போகும் ஒன்றை அழியாத சுவையாக மாற்றுவது ஒரு கலையே. சங்கச் சான்றோர் கள்ளை இழித்துரைக்கவில்லை; அதியமானும் ஔவையும் ஒருங்கிருந்து கள் அருந்திய செய்தியைப் புறநானூறு நமக்குச் சொல்கிறது.

ஆனால் இந்நாட்டுத் தமிழர் வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோருக்குப் பள்ளிக்கூடம் கிடைப்பதற்கு முன்பே கள்ளுக்கடை கிடைத்துவிட்டது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் போன்றோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது விடுத்த கோரிக்கைகளை நினைத்துப் பாருங்கள். கூலி உயர்வு வேண்டும். துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்னும் இழிவு ஒழிய வேண்டும். பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். மானமும் கல்வியும் கள்ளுக்கடையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன. இவை ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை எழுத்தறியாத அம்மக்கள் அறிந்திருந்தனர். போருக்குப்பின் கெடாவில் தோன்றிய தொண்டர் படையும் கள்ளுக்கடை மறியலையே தன் முதற்பணியாகக் கொண்டது. 1947இல் பீடோங்கில் நடந்த மறியல் காவலரோடு மோதலில் முடிந்தது.

இந்த வரலாற்றை நான் ஏட்டில் மட்டும் படித்தவனல்லன். நான் பிறந்து வளர்ந்தது சமவெளியில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். சம்பள நாள் மாலையில் என் தாயார் என்னைக் கள்ளுக்கடை வாசலில் சென்று நிற்குமாறு அனுப்புவார். மகன் நிற்பதைக் கண்டால் தந்தை சீக்கிரம் எழுந்து வருவார் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பலித்த நாள்களும் உண்டு. பலிக்காத நாள்களே மிகுதி. கடையில் ஊற்றிக்கொடுத்தவர் நல்ல மனிதர். என்னைக் கண்டதும் ஒரு பிடி கச்சானைக் கையில் வைத்து, “அப்பா வந்துடுவாரு, தம்பி, நில்லு” என்பார். எங்கள் வீட்டு அடுப்பு அன்று எரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த குவளையை ஊற்றினார். ஊற்ற மறுத்தால் அவருடைய வேலை போய்விடும். கடையை மூடும் அதிகாரம் மேட்டுப் பங்களாவில் இருந்தவர்களிடம் இருந்தது. அவர்களுக்கோ எங்கள் லயத்து அடுப்பு கண்ணுக்குத் தெரியாது.

நான் சொல்ல விரும்பும் கருத்து இங்கேதான் பிறக்கிறது. கண்டவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உடையவர் காணவில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடையின் கொடுமை கள்ளில் மட்டும் இல்லை. காட்சியையும் அதிகாரத்தையும் தனித்தனியே பிரித்துவைத்த அந்த அமைப்பிலும் இருந்தது. நல்லவர் ஒருவர் தீமை ஒன்றை நாள்தோறும் தம் கையாலேயே செய்ய நேர்ந்ததற்குக் காரணம் அதுவே.

நம் அறநூல்கள் ஆக்குவோரைப்பற்றி என்ன கூறுகின்றன? திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் உண்பவனை நோக்கியே பேசுகிறது. அவனுக்கு ஈன்ற தாயின் முகத்தை நினைவூட்டுகிறது. விற்பவனைப்பற்றி அங்குப் பேச்சில்லை. ஆனால் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் தின்பவனையும் விற்பவனையும் ஒரே குறளில் பிணைத்து, ஒருவன் இன்றி மற்றவன் இல்லை என்று உணர்த்துகிறார். பௌத்த அறம் இன்னும் வெளிப்படையானது. படைக்கலம், உயிர்கள், ஊன், மது, நஞ்சு ஆகிய ஐந்தனையும் விற்றுப் பிழைத்தல் இல்லறத்தார்க்கு ஆகாது என்று புத்தர் விலக்கினார்.

மணிமேகலையில் ஆதிரை பிச்சையிட்ட காதையில் வரும் சாதுவனை மாணவர் அறிவர். கலம் உடைந்து நாகர் மலையை அடைந்த அவன், அவர்தம் மொழியிலேயே பேசி, கள்ளும் கொலையும் தவிர்க்குமாறு நாகர் தலைவனுக்கு அறிவுறுத்துகிறான். தலைவன் அறத்தை மறுக்கவில்லை. தங்களுக்கு இயலும் நெறியைச் சொல்லுமாறு வேண்டுகிறான். சாதுவனும் மூத்து இறக்கும் விலங்கின் ஊனை விலக்காமல் விடுகிறான். கள்ளுக்கு மட்டும் அவன் இடம் தரவில்லை. இதைக் கூறியவன் யார்? கணிகை வீட்டிலும் சூதிலும் செல்வத்தை எல்லாம் தொலைத்துத் தன் மனைவியைத் தவிக்கவிட்டவன். ஒரு பழக்கத்திற்கு ஒரு வீடு கொடுக்கும் விலையை அவன் அறிவான்.

‘கத்தி செய்யும் கொல்லன் கொலைக்குப் பொறுப்பாவானா?’ என்று கேட்பாருண்டு. ஆகான். ஆனால் சினந்து வந்து நிற்பவனிடம் கத்தியை நீட்டும் கொல்லன் பொறுப்பாவான். ‘நாம் செய்யாவிடினும் வேறொருவர் செய்யத்தானே போகிறார்?’ என்பது அடுத்த வாதம். மேட்டுப் பங்களாவில் இருந்தவர்களும் இதனையே கூறியிருப்பர். பிறர் செய்யக்கூடிய தவறு நம் செயலுக்கு நியாயமாகாது.

‘சிறிய அளவுதானே?’ என்பதே வலிய வாதம். சிறு தொழிலில் ஆக்குபவர், விற்பவர், உடைமையாளர் மூவரும் ஒருவரே. வாங்குபவரின் முகத்தை அவர் காண்கிறார். விற்க மறுக்கும் உரிமையும் அவருடையதே. காட்சியும் அதிகாரமும் இங்கே ஒரே கையில் உள்ளன. கள்ளுக்கடைக்காரருக்கு இல்லாத வாய்ப்பு இது. தமிழ்நாட்டில் 2003முதல் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் இருந்துவருகிறது. அங்கே கோடிக்கணக்கான வீடுகளும் கணக்கேட்டில் ஒரு வரியாகிவிடுகின்றன. இந்த வகையில் கியா பார்ம் தம்பதியரின் சிறுமை ஒரு பெருமையே.

ஆனால் அருகில் இருப்பது மட்டும் போதுமா? 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதனை விற்றவர்கள் தொலைவில் இருந்தவர்கள் அல்லர். வாங்கியவர்கள் நாளும் காணும் முகத்தவர்கள். ஆகவே காண்பதோடு அறம் முடிவதில்லை. செய்ததற்குத் தம் பெயரால் பதில் சொல்லவும் வேண்டும். நம் நாட்டின் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டம் மது ஆக்குவோரிடம் உரிமம் கேட்கிறது. 2017 திசம்பர் முதல் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்றலாகாது. இவற்றைத் தொல்லை என்று எண்ணுதல் தவறு. புட்டியின்மேல் தம் பெயரை எழுதத் துணிபவர் அப்பெயரால் கேள்விக்கு உட்படவும் துணிய வேண்டும்.

மேலும் ஒன்று. குடியின் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் குடிப்பவரல்லர். ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்னும் சிற்றூர்ப் பெண்கள், முதியோர் கல்வி வகுப்பில் குடியின் கேட்டைக் கூறும் ஒரு பாடத்தைப் படித்துவிட்டு, தம் ஊர்ச் சாராயக் கடையை மூடவைத்தனர். 1990களின் தொடக்கத்தில் அங்கே பற்றிய கனல் மாநிலம் முழுவதும் பரவி, 1993 அக்டோபரில் அரசே சாராயத்தை ஒழிக்கும்படி செய்தது. எழுத்தறிவிக்கும் நம் தொழிலின் ஆற்றலுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? விலை கொடுப்பவரைக் கேட்காமல் எடுத்த முடிவு நெடுநாள் நிலைக்காது என்பதையும் அது காட்டுகிறது.

அதனால்தான் தம்பதியராகத் தொடங்குவது என்பதற்கு நான் தனிப்பொருள் காண்கிறேன். நம் தோட்டங்களில் பெண் கள்ளுக்கடைக்கு வெளியே நின்றவள். இங்கே அவள் உள்ளே, ஆக்குபவளாக, சம உரிமையோடு நிற்கப்போகிறாள். அவள் ‘வேண்டாம்’ என்றால் அன்றைய விற்பனை நிற்க வேண்டும். அந்த உரிமை இல்லையேல் அவள் பெயர் புட்டியில் இருந்தும் பயனில்லை.

சில வாரங்கள் கழித்து நானே கியா பார்முக்குச் சென்றேன். முழுமையான விடை என்னிடம் அப்போதும் இல்லை. மூன்று சொற்கள் மட்டும் சொன்னேன். கடன் வாங்கித் தொடங்காதீர்கள். கடன் பட்டவருக்கு விற்க மறுக்கும் உரிமை போய்விடும். அந்த நாளில் நீங்களும் கச்சான் கொடுத்துவிட்டுக் குவளையை நிரப்பிய அந்த நல்ல மனிதராகிவிடுவீர்கள். எவருக்கும் கடனுக்கு ஊற்றாதீர்கள். முகம் பார்த்து விற்க முடிகிற அளவுக்கு மேல் வளராதீர்கள்.

“மலைக்குச் சுற்றுலா வருபவர் புட்டியை வாங்கிக் கீழே கொண்டுபோகிறார், ஐயா. அந்த வீட்டை நாங்க எப்படிப் பார்க்கிறது?” என்று கேட்டார் மாணவரின் மனைவி. அவரும் குடியால் நொடிந்த குடும்பத்தில் பிறந்தவர் என்பதை அன்றுதான் அறிந்தேன். விலையுயர்ந்த ஒயின் சம்பள நாள் கள்ளைப்போல் அடுப்பை அணைக்காது என்று சொல்லலாம். ஆனால் செல்வர் வீட்டிலும் வாசலில் காத்து நிற்கும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அவருடைய கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இல்லை என்றே சொன்னேன்.

அவர்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. விடைபெறும்போது ஒரு புட்டி ஜாம் வாங்கினேன். அதைத் தாளில் சுற்றியபடியே, “யாருக்கு ஐயா, பேரப்பிள்ளைகளுக்கா?” என்று கேட்டார் அப்பெண்மணி. கடைக்காரர் எவரும் கேட்கும் இயல்பான கேள்விதான் அது. ஆயினும் மலை இறங்கும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லே என் செவியில் ஒலித்துக்கொண்டிருந்தது. ‘யாருக்கு?’ என்று கேட்டுவிட்டுப் பொருளைக் கொடுக்கும் பழக்கம் அவரிடம் முன்னரே இருக்கிறது. அப்பழக்கம் அவரிடம் நிலைக்கும்வரை, அவர்கள் எந்தத் தொழிலைத் தேர்ந்தாலும் நான் அஞ்சமாட்டேன்.