வட்டமும் விரதமும்

சந்தவாசலுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சிரிப்பார்கள். ஜவ்வாது மலையடியில், வேலூரிலிருந்து போளூர் போகும் சாலையில் இருக்கிற ஊர் அது. ஆடி வெள்ளிக்குப் படவேட்டு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிற கூட்டம் அந்த வழியாகத்தான் திரும்பும். கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் அந்த மலையில் பெய்கிற மழை கமண்டல நதியாகவும் செய்யாறாகவும் இறங்கி, பாலாற்றில் கலந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர்ப் பக்கம் கடலைச் சேர்கிறது. அப்படியானால் கடலைக் காக்கும் கடமை எங்கே தொடங்குகிறது? அலை தொடும் இடத்திலா, மலையிலா? நிர்வாகக் கேள்வி போலத் தெரிந்தாலும் இது அறத்தின் பழைய கேள்விதான். நாம் பார்க்காத ஒன்றுக்கு நாம் கடன்பட்டவர்களா?

இதற்கு அரசுகள் சொல்லும் பதில் ஒரு வட்டம் போடுவது. 2030-க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பிடமாக்குவது என்று 2022-இல் மான்ட்ரியல் மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்டன. தமிழ்நாடு அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்கா ஆயின. 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சமயம் சொல்லும் பதிலும் வட்டம்தான். சேது புனிதம், அக்னி தீர்த்தம் புனிதம், அங்கே முழுகினால் பாவம் போகும். இரண்டு பதில்களுக்கும் ஒரே குறை. கடமையை ஓர் இடத்தில் கட்டிவைக்கின்றன. வட்டத்துக்கு வெளியே இருப்பவன் தனக்கு வேலையில்லை என்று நினைக்கிறான். உள்ளே இருப்பவனோ, அது வனக்காவலரின் வேலை, அல்லது சாமியின் வேலை என்று விட்டுவிடுகிறான்.

புனிதம் ஒன்றையும் காக்கவில்லையா, கடலைத் தூர்வாரிக் கப்பல் வழி அமைக்கும் சேதுசமுத்திரத் திட்டத்தை நிறுத்தியது யார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2005 ஜூலையில் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டம், 2007-இல் உச்ச நீதிமன்றம் இராமர் பாலத்தைத் தொடக்கூடாது என்று சொன்ன பிறகு முடங்கிப்போனது. பவளத்துக்காகவும் மீனவர் பிழைப்புக்காகவும் பேசியவர்களைவிட இராமர் பெயருக்குத்தான் பலம் அதிகம் இருந்தது. ஆனால் புனிதம் தடுத்தது வெளியிலிருந்து வந்த தூர்வாரும் கப்பலை. பக்தன் தன் கையால் செய்கிறதை அது தடுக்கவில்லை. பாவத்தோடு பழைய துணியையும் கடலிலேயே விட்டுவிட்டுக் கரையேறும் வழக்கம் அக்னி தீர்த்தத்தில் எத்தனை காலமாக இருக்கிறது! இடம் புனிதமானால் எதைப் போட்டாலும் அது தாங்கும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. புனிதத்தின் பெயரால் நடக்கும் அசுத்தத்தைப் பற்றி நம் மடங்களும் ஆதீனங்களும் இன்னும் உரத்துப் பேசியிருக்க வேண்டும்.

சட்டத்தின் வட்டமும் இதைவிட அதிகம் சாதித்துவிடவில்லை. பூங்கா அறிவித்த பிறகும் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுப்பது பல ஆண்டுகள் நடந்தது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. அதற்கும் சில ஆண்டுகள் கழித்தே வெட்டுவது ஓய்ந்தது. அலையைத் தடுத்த பாறை போனதால் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 21 என்று இன்றும் எழுதுகிறோம். கரையை ஒட்டி இழுவலை ஓடக்கூடாது என்ற சட்டம் 1983 முதல் இருக்கிறது. ஆனாலும் 2025 ஜனவரியில் சென்னை முதல் செங்கல்பட்டுக் கரை வரை நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. சந்தவாசல்காரர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. ஜவ்வாது மலையில் காப்புக்காடு இருந்தது, காவலர் இருந்தார், வழக்கும் இருந்தது. சந்தன மரம் மட்டும் லாரியேறிப் போய்விட்டது.

காப்பாற்றியது எது என்று தேடினால், ஆளைக் கட்டும் ஒன்று கிடைக்கிறது. நம் மரபில் அதற்கு விரதம் என்று பெயர். மண்டபம், பாம்பன் பகுதியில் கடற்பாசி எடுக்கும் பெண்கள், தீவுகளுக்குப் போகத் தடை வந்தபோது வெறும் மனு கொடுத்துக்கொண்டு நிற்கவில்லை. மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்போம், கருவி கொண்டு சுரண்டாமல் கையால் பறிப்போம், பாசி வளரும் பருவத்தில் இறங்கமாட்டோம் என்று தங்களுக்குத் தாங்களே விதி செய்துகொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு 2015-இல் தீவுச் சூழல் காப்புக்கான சீகாலஜி விருது கிடைத்தது. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடும் இந்த வகைதான். கத்தோலிக்க மீனவ ஊர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாததற்கு மீன்வளத் துறை ஆணை எதுவும் தேவைப்படவில்லை. பசிபிக் தீவு நாடான பலாவு இதை நன்றாகப் புரிந்துகொண்டது. தன் கடலில் 80 சதவீதத்தைக் காப்பிடமாக்கச் சட்டம் செய்ததோடு நிற்காமல், 2017 முதல் அந்நாட்டுக்குள் வருகிற ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டிலும் அந்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உறுதிமொழி ஒன்றைக் குத்தி, கீழே கையெழுத்து வாங்குகிறது.

விரதம் நல்லவர்களை மட்டும்தானே கட்டும், பத்து விசைப்படகு வைத்திருப்பவர் விரதம் இருப்பாரா என்பது வலுவான மறுப்பு. இருக்கமாட்டார். சட்டம் வேண்டும்தான். ஆனால் சட்டம் ஒரு விரதத்தின் மேல் எழுந்தால்தான் நிற்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடையைக் கிழக்குக் கடலோரம் பெருமளவு ஏற்றுக்கொள்கிறது. மீன் சினைப்பட்டிருக்கும் காலத்தில் வலையை நிறுத்துவது மீனவர் மனத்துக்கு ஒவ்வாத கட்டளை அல்ல. அந்த மாதங்களுக்கு அரசு நிவாரணம் தருவதும் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஏழையிடம் பட்டினியை விரதமாக விற்க யாருக்கும் உரிமை கிடையாது. இன்னொரு மறுப்பு ஆன்மிகத்தின் பக்கமிருந்து வரும். இறைவன் எங்கும் இருந்தாலும், மனம் குவிய ஓர் இடம் வேண்டாமா? வேண்டும். ஆனால் சபரிமலைக்குப் போகிறவனைப் பாருங்கள். பதினெட்டுப் படி அவனைத் திருத்துவதற்கு முன், தன் வீட்டிலேயே ஒரு மண்டலம் மாலைபோட்டு இருந்த விரதம் அவனைத் திருத்திவிடுகிறது. இடம் கடைசியில்தான் வருகிறது.

சந்தவாசலில் ஒருவன் வீசும் பிளாஸ்டிக் கவரால் கடலுக்கு என்ன ஆகிவிடும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஒரு கவரால் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் பாலாறு ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறல்ல. பல மாதங்கள் சேர்ந்ததை 2021 நவம்பர் மாதிரி ஒரு வெள்ளம் சில நாளில் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடும். போகக்கூடாதது போகிறது, போக வேண்டியதோ போவதில்லை. ஆற்றுமணலை லாரியில் ஏற்றிவிட்டால் கடற்கரைக்கு மணல் ஏது? கரை அரித்தால் ஆமை முட்டையிடும் இடமும் போகும். மழை பொய்த்தால் கடலும் தன் தன்மையில் குறையும் என்கிறார் வள்ளுவர். அந்தக் குறைவு இன்னதென்று பரிமேலழகர் விளக்கும்போது, நீர்வாழ் உயிர்கள் பிறவாமல் போவதையும் மணி முதலியவை விளையாமல் போவதையும் சொல்கிறார். மலையையும் கடலையும் ஒரே கணக்கில் எழுதும் சிந்தனை நமக்கு இரவல் அல்ல.

ஆகவே காப்பிடங்களுக்கான மேலாண்மைத் திட்டம் எழுதும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வரைபடத்துக்கு அடுத்த பக்கத்தில் ஒரு நாட்காட்டி வையுங்கள். எந்தெந்த நாளில் யார் எதைச் செய்யாமல் இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அவர்களையே கேட்டு எழுதுங்கள். அதில் மீனவ ஊர்களோடு ஆற்றோர ஊர்களின் பெயரும் இருக்கட்டும். படவேட்டு ஆடித் திருவிழாவில் கமண்டல நதிக்குள் துணியும் பிளாஸ்டிக்கும் போடுவதில்லை என்று கோயில் நிர்வாகமும் ஊராட்சியும் சேர்ந்து அறிவித்தால், அந்த நாட்காட்டியின் முதல் வரியை வரும் ஆடியிலேயே எழுதிவிடலாம்.