உடலின் பாரமும் தீர்ப்பின் பாரமும்

தெல்தெனியவில் ஒரு குடும்பப் பெண்ணை மனக்கண்முன் நிறுத்துங்கள். பல வருடங்கள் உடற்பருமனால் வருந்திய அவள், கடன்பட்டு இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டாள். முதல் வருடத்தில் 30 கிலோ குறைந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். நாலாம் வருடத்தில் 10 கிலோ திரும்பி வந்தது. இப்போது ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் கோயில் முற்றத்தில் நிற்பதில்லை. "வாயைக் கட்டத் தெரியாதவள்" என்ற பேச்சு அவள் காதுக்கு எட்டிவிட்டது. பெண் கற்பனைதான், பேச்சு கற்பனை அன்று. நம்மில் பலர் அதைப் பேசியிருக்கிறோம்.

அப்பேச்சு நீதியானதா?

போசனப்பிரியம் தலையான பாவங்கள் ஏழில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்தோம். உண்மையே. ஆனால் பாப்பரசர் புனித முதலாம் கிரகோரியார் அப்பாவத்தை ஐந்து வகையாகப் பிரித்தபோது, அளவுக்கு மிஞ்சி உண்பது அவற்றுள் ஒன்று மட்டுமே. வேளைக்கு முன் உண்பது, விலையுயர்ந்ததையே தேடுவது, பக்குவத்தில் அளவுமீறிக் கவனம் வைப்பது, பேராவலோடு விழுங்குவது என்பவை மற்ற நான்கு. இவற்றைத் தராசில் நிறுக்க முடியுமா? மெலிந்தவரிடமும் இப்பாவம் இருக்கலாம். பருத்தவரிடம் இல்லாமலும் போகலாம்.

விஞ்ஞானம் சொல்வதையும் கேளுங்கள். கனடாவின் கியூபெக்கில் ஓர் ஆய்வு நடந்து, 1990இல் வெளியாயிற்று. உருவொத்த இரட்டையரான இளைஞர் 12 சோடிகளுக்கு, 84 நாட்கள், நாளுக்கு 1000 கலோரி மேலதிக உணவு கொடுத்தார்கள். ஒருவருக்கு 4 கிலோ கூடியது. இன்னொருவருக்கு 13 கிலோ. ஆனால் ஒரே சோடியில் அண்ணனுக்கும் தம்பிக்கும் கூடியது பெரும்பாலும் நெருங்கியிருந்தது. மேலதிகமாக உண்டது ஒரே அளவு. உடல்கள் எழுதிய கணக்கு வேறு. அக்கணக்கில் பரம்பரையலகுகளுக்குப் பெரும் பங்குண்டு.

சத்திரசிகிச்சை இரைப்பையைச் சிறிதாக்கும். பசி தொடர்பான ஓமோன்களையும் மாற்றும். பரம்பரையலகுகளை மாற்றாது. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீருக்கடியில் பழைய தெல்தெனிய கிடக்கிறது. வரட்சியில் நீர் வற்றினால் பழைய சுவர்கள் தலைகாட்டும். உடலும் அப்படித்தான். இழந்த எடையை மீட்க அது பசியைக் கூட்டுகிறது, சக்திச் செலவைக் குறைக்கிறது. சுவீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்விலும், சிகிச்சை பெற்றோருக்கு ஓரிரு வருடங்களின்பின் எடை ஓரளவு திரும்பியது. ஆயினும் பத்தாம் வருடத்திலும், சிகிச்சையின் வகைக்கேற்ப, சராசரியாக 14 முதல் 25 சதவீதம் வரை குறைவாகவே இருந்தது. சிகிச்சை பெறாதவர்களைவிட மரணங்களும் குறைந்தன. ஆகவே நம் பெண்ணுக்குத் திரும்பி வந்த 10 கிலோ தோல்வி அன்று.

அப்படியானால் நமக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. சீனியையும் பாணையும் குறைப்பது, நடப்பது, வைத்தியர் சொல்லைக் கேட்பது, தவறினால் மீண்டும் தொடங்குவது நம் கையில் உள்ளவை. பிறக்கும்போது பெற்ற உடல் நம் கையில் இல்லை. தாலந்து உவமையில் இரண்டு பெற்றவனிடம் எசமான் ஐந்தின் கணக்கைக் கேட்கவில்லை. நாம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

வரும் ஞாயிறு அவளைப் போன்ற ஒருத்தியைக் கண்டால், "திரும்பவும் உடம்பு வைத்துவிட்டதே" என்னாதீர்கள். "சுகமா, பிள்ளை?" என்று கேளுங்கள். அவள் சுமக்கும் பாரம் போதும்; நம் தீர்ப்பையும் அதன்மேல் ஏற்ற வேண்டாம்.