அஷ்டபந்தனம்: இறுகலும் இளகலும்

கோயிலில் மூலவர் திருமேனியைப் பீடத்தோடு பிணைக்கும் மருந்து அஷ்டபந்தனம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான், கற்காவி, சாதிலிங்கம், செம்பஞ்சு, தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டும் அதில் சேரும். சூட்டில் இளகிய அரக்கோடும் குங்கிலியத்தோடும் மற்றவற்றைக் கூட்டி, வெண்ணெய் விட்டு விட்டு இடிப்பார்கள். பதம் வந்ததும் திரியாக உருட்டி, சூடு ஆறுமுன் பீடத்தின் இடைவெளியில் அழுத்திச் சாத்துவார்கள்.

இந்த மருந்து இறுகும் விதம் தனியானது. எடுத்துக்காட்டாக, சுத்த வெள்ளி சுமார் 962 டிகிரி செல்சியஸில் உறைந்து, அணுக்கள் வரிசைகட்டிப் படிகமாகிவிடும். குங்கிலியம் என்னும் பிசினுக்கு அப்படி ஓர் உறைநிலை கிடையாது. அதிலுள்ள பலவகை மூலக்கூறுகள் ஒரே வரிசைக்குள் அடங்காதவை. ஆற ஆறக் குழம்பு தடித்து, அவை நகர வழியின்றி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். கண்ணாடி இறுகுவதும் இப்படித்தான். அரக்கும் இதே இனம். எட்டில், உருகி ஆறும்போது படிகமாவது முக்கியமாகத் தேன்மெழுகு. அது 62 முதல் 64 டிகிரியில் உறையும். பிசின் தனியே இறுகினால் நொறுங்கும். மெழுகும் வெண்ணெயும் நெகிழ்வைத் தருகின்றன, பஞ்சு இழைகள் விரிசல் பரவாமல் பிடித்துக்கொள்கின்றன. எவ்வளவு பக்குவமாக இடித்தாலும், அபிஷேக நீரும் எண்ணெயும் பட்டுப் பட்டு ஆண்டுகள் செல்லச் செல்ல மருந்து வெடிக்கும்.

அப்போது பழைய கேள்வி எழுகிறது. எங்கும் நிறைந்த பரம்பொருளுக்குப் பிசினால் ஒரு பிணைப்பு எதற்கு? மருந்து விட்டுப்போனால் தெய்வமும் விட்டுப்போகுமா? ஆகம மரபு இதற்குச் செயலிலேயே விடை வைத்திருக்கிறது. திருப்பணி தொடங்குமுன் கலாகர்ஷணம் செய்து இறைசக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, தற்காலிகச் சன்னதியான பாலாலயத்தில் வைத்து வழிபடுவார்கள். புது மருந்து சாத்தியபின் குடமுழுக்கில் அது மூலவரிடம் மீளும். ஆக, மருந்து கட்டுவது கல்லை மட்டுமே. சைவ சித்தாந்தத்தின்படி உருவமற்ற இறைவன் உயிர்களுக்காக அருளால் உருவம் கொள்கிறான். அந்த உருவத்தை அசையாமல், பீடத்துக்குள் நீர் இறங்காமல் காப்பது வழிபடுவோர் கடமை. இறைவனுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

பெரியபுராணத்தில் குங்கிலியக்கலயர் வரலாறு இதற்குப் பொருத்தமானது. நெல் வாங்க மனைவி தந்த தாலியைக் கொடுத்துத் திருக்கடவூர் இறைவனுக்குக் குங்கிலியம் வாங்கியவர் அவர். திருப்பனந்தாளில் அரசனின் யானைகளாலும் நிமிராத சிவலிங்கத்தைத் தம் கழுத்தில் கயிறு பூட்டி இழுத்து நிமிர்த்தியவரும் அவரே. அங்கே பிணைப்பு அன்பினுடையது. மருந்து அதன் வெளித்தோற்றம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்ற வழக்கம், மனிதன் கட்டும் எதுவும் தேயும் என்பதை ஒப்புக்கொண்டே எழுந்தது. 'நிரந்தரமாக இருக்கட்டும்' என்று சிமெண்ட் பூசுவது அந்த ஒப்புதலையே மறுக்கிறது; அடுத்த திருப்பணியில் கல் உடையாமல் பீடத்தைப் பிரிக்கவும் விடாது. சூட்டுக்கு இளகும் பழைய மருந்தே சரி.