கட்டுதல் என்னும் முதற் குற்றம்



உணவு, அடைக்கலம், சாத்திரம், மருந்து என்னும் நால்வகைத் தானங்களை நம் ஆன்றோர் வகுத்தனர். நோயாளிக்குப் பணிவிடை செய்தலாகிய வையாவிருத்தியத்தை அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாக வைத்தனர். இவற்றை நாம் ஆலயத்தில் கேட்கிறோம். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். ஆயினும் காய்ச்சலில் கிடப்பவரிடம் காட்டும் பரிவை, மனம் நோயுற்றவரிடம் காட்டுகிறோமா?

இவ்வினாவை முதலில் நம்மிடமே கேட்டு, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள விரும்புகிறோம். ஆசிரியப் பயிற்சி முடித்து, திருவையாற்றை அடுத்த சிற்றூர்ப் பள்ளியொன்றில் பணியேற்ற தொடக்க ஆண்டுகள் அவை. நன்றாகப் படித்து வந்த சிறுமி ஒருத்தி, சம்பா அறுவடை நாளில் பள்ளிக்கு வருவதை நிறுத்தி விட்டாள். காரணம் அறிய வீடு தேடிச் சென்றோம். பெரியவர்கள் அனைவரும் களத்தில் இருந்தனர். சிறுமி மட்டும் காவல் இருந்தாள். கொல்லைப்புறத்து மாட்டுக் கொட்டிலில் அவள் தமக்கை, இருபது வயதிருக்கும், தூணோடு கயிற்றால் கட்டப்பட்டிருந்தாள். "அக்கா ஆத்துப் பக்கம் ஓடிடுது டீச்சர், அதான்" என்றாள் சிறுமி.

அவ்வீட்டார் கொடியவர் அல்லர். ஒரு நாள் கூலியையும் இழக்க இயலாதவர். வேறு வழி அறியாதவர். நாமோ படித்தவர், தஞ்சையில் அரசு மருத்துவமனை உண்டென்று அறிந்தவர். ஆயினும், "அவரவர் வினை, என் செய்வது?" என்று சொல்லித் திரும்பி விட்டோம். அடுத்த ஆண்டு அக்குடும்பம் ஊரை விட்டுப் போயிற்று. அப்பெண் என்ன ஆனாள் என்பதை இன்றுவரை அறியோம்.

பல ஆண்டுகள் கழித்து, 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. தர்கா அருளால் நோய் தீரும் என்று நம்பி உறவினர் கொண்டுவந்து விட்டவர்கள் அங்கே சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். தீ வந்தபோது ஓட இயலவில்லை. 28 உயிர்கள் மாண்டன. அச்செய்தியைப் படித்த காலையில், மாட்டுக் கொட்டில் தூண்தான் நம் கண்முன் நின்றது. ஏர்வாடியைப் பிற சமயத்தார் ஊர் என்று ஒதுக்கிவிடல் தகாது. சங்கிலிக்குச் சமயம் இல்லை. பூட்டிய பின்னறைகள் எல்லாச் சமயத்தார் வீட்டிலும் உண்டு.

உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தில் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். அதிசாரம் என்பது விரதத்தினின்று வழுவுதல். கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. இவற்றை மாட்டுக்கும் குதிரைக்கும் உரியனவாகவே நாம் பாடம் சொல்லி வந்தோம். ஐந்தனுள் முதலாவது கட்டுதல் என்பதைக் கருதுமின்! ஓரறிவுயிர்க்கும் இரங்கி, இரவில் உண்ணாது விளக்கணைக்கும் நாம், ஐம்பொறியும் மனமும் உடைய மனிதரைக் கட்டி வைத்தலைக் கண்டு வாளாவிருந்தால் அவ்விரதம் எங்கே நின்றது? வீட்டு நோயாளியின் பாரம் முழுவதையும் ஒரு தாயின் தோளிலோ ஒரு மருமகளின் தோளிலோ ஏற்றிவிடுதலும் நான்காம் அதிசாரமே ஆகும்.

"நோய் வினைப்பயன் அன்றோ?" என்பார் உளர். அசாதா வேதநீயத்தின் உதயத்தால் துன்பம் நேர்கிறது என்பது உண்மையே. ஆயினும் வினை நிமித்தங்களைச் சார்ந்தே பயன் தருகிறது. மருந்தும் மருத்துவரும் உறவினர் அன்பும் நிமித்தங்களே. அன்றியும், பிறர்க்குத் துன்பமும் அழுகையும் விளைத்தல் அசாதா வேதநீயம் வந்து சேர வழி என்றும், உயிர்களிடத்து இரக்கமும் தானமும் சாதா வேதநீயத்திற்கு வழி என்றும் அச்சூத்திரமே கூறுகிறது. ஆகவே நோயாளியின் பழவினையை ஆராயும் வேளையில் நாம் நமக்குப் புதுவினை தேடிக்கொள்கிறோம். அன்று கொல்லைப்புறத்தில் நாம் செய்தது அதுவே.

உடலும் மனமும் தனித்தனி வீடுகள் அல்ல. தைராய்டு சுரப்புக் குறைந்தால் மனச்சோர்வு வரலாம். நெடுநாள் நீரிழிவும் பக்கவாதமும் உள்ளத்தை வாட்டும். மகப்பேற்றின் பின் சில தாய்மார் காரணமின்றி அழுவர். அது சோம்பலும் அன்று, செருக்கும் அன்று, நோய். நீரிழிவுக்காரரிடம் "மனத்தை அடக்கினால் சர்க்கரை குறையும்" என்று சொல்லி மருந்தை நிறுத்துவோமா? மனச்சோர்வுற்றவரிடம் மட்டும் ஏன் அவ்வாறு சொல்கிறோம்?

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் நிர்விசிகித்சை, அதாவது அருவருப்பின்மை, ஒன்று. அதற்கு எடுத்துக்காட்டு உத்தாயண மன்னன். நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன், உண்ட உணவை மன்னன் மீதே உமிழ்ந்தான். மன்னன் முகஞ்சுளிக்கவில்லை, தான் இட்ட உணவு ஒவ்வாதாயிற்றே என்று தன்னையே நொந்து, முனிவர் உடலைக் கழுவினான். சமந்தபத்திர ஆச்சாரியர் வரலாறும் கருதத்தக்கது. தீராப் பசியாகிய பஸ்மக நோய் வருத்தியபோது அவர் சல்லேகனைக்கு அனுமதி வேண்டினார் என்றும், குருவோ அதனை மறுத்து நோயைத் தீர்த்துக்கொள்ளப் பணித்தார் என்றும், குணமடைந்தபின் அவர் மீண்டும் துறவேற்றார் என்றும் நம் பரம்பரை கூறுகிறது. முனிவர்க்கே மருத்துவம் இழுக்கன்று எனில் நமக்கு அது எவ்வாறு இழுக்காகும்?

மனநோயாளரைச் சங்கிலியால் பிணிப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. அரசு மருத்துவமனையில் மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது. 14416 என்னும் எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். திருமணம் தடைப்படும் என்று அஞ்சி நோயை மறைக்கும் பெற்றோரே! மறைக்கும் ஒவ்வோர் ஆண்டும் நோய் வேரூன்றும். அண்டை வீட்டாரே! அவ்வீட்டுத் தாய் ஒரு நாள் ஆலயம் சென்று வர, நீங்கள் அரை நாள் நோயாளியுடன் அமர்ந்திருங்கள். அதுவே வையாவிருத்தியம்.

பெயரும் மறந்துபோன அப்பெண்ணிடம் இம்முதுமையில் நாம் செய்யும் பிரதிக்கிரமணம் இது. உங்கள் தெருவில் ஒரு பின்னறை பூட்டிக் கிடக்குமாயின், "அவரவர் வினை" என்று திரும்பி விடாதீர்கள், கதவைத் தட்டுங்கள்.

உயிர்கள் அனைத்தும் நோயின்றி வாழ்க! ஜினதருமம் ஓங்குக!