பகுபடுமென அறிதலும் பகுத்துக் காண்டலும்

ஒரு பொருள் இன்னதன்றெனத் துணிந்தோன் அஃது இன்னதென அறியானாயின், அவனறிவு அறிவெனப்படுமோ படாதோ என்பது ஆராயற்பாலது. இதற்குப் பேரெண்ணொன்று நல்ல சான்றாகும்.

அறுபத்தேழு இரண்டுகளைத் தம்முட் பெருக்கி ஒன்று குறைப்பின் 147573952589676412927 என்னும் இருபத்தோரிலக்க எண் வரும். இதனைப் பிரான்சு நாட்டுத் துறவியாராகிய மெர்சென் 1644-ல் பகா எண் என்றார். அஃதாவது, ஒன்றானும் தன்னானுமன்றிப் பிறிதோரெண்ணான் மீதியின்றி வகுபடாதது. ஏது காட்டினாரல்லர். சோதித்தற்கரிதாகலின் அவ்வுரை இருநூற்றாண்டின் மேலும் மறுக்கப்படாது நின்றது.

1876-ல் லூக்காஸ் என்பார் வகுத்துப் பாராமலே வேறொரு நெறியான் ஆராய்ந்தார். பகா எண்ணாயின் அக்கணக்கின் இறுதியில் மீதி ஒழிதல் வேண்டும், ஒழிந்திலது, ஆகலின் பகுபடும் என்றார். எவ்வெண்களாற் பகுபடும் என்பதோ அவர்க்கும் புலப்படவில்லை. புகை கண்டு தீயுண்மை துணிந்தோன் அஃது எவ்விறகிற் பற்றியதெனக் காணாமை போல்வது இது. விறகு காணாமையால் தீ இல்லையாகுமோ? ஆகாது.

1903-ல் நியூயார்க்கிற் கூடிய கணித அவையில் கோல் என்பார் 193707721, 761838257287 என்னும் இரண்டனையும் கரும்பலகையிற் பெருக்கிக் காட்டினார். ஒரு சொல்லும் உரைத்திலரென்றும், அவையோர் கைகொட்டி மகிழ்ந்தனரென்றும் கூறுப. பெருக்கல் கற்ற சிறுவனும் அதனைச் சரிபார்க்கலாம்.

அற்றேல், லூக்காஸ் துணிவு கோல் காட்டிய பின்னரே மெய்யாயிற்றோ எனின், அன்று. முன்னரே மெய், கண்ணுக்குப் புலனாயது பின்னர். கூறுகள் உளவென்னும் துணிபில்லாதவன் அவற்றைத் தேடப் புகுவனோ?

இன்னொன்றுங் காண்க. நூற்றிருபத்தேழு இரண்டுகளாற் பிறக்கும் எண்ணையும் மெர்சென் பகா எண்ணென்றார், அது மெய்யாயிற்று. ஏதுவின்றி மெய்யானதை அறிவென்றல் பொருந்தாது. அதற்கு ஏதுக் காட்டித் துணிந்தவரும் லூக்காஸே, அதே 1876-ல். ஆண்டுக் கரும்பலகையிற் பெருக்கிக் காட்டுதற்கு யாதுமில்லை. கருதலளவையே கொள்ளக் கிடப்பது.