ஆட்டக்களத்தில் நாம் பாடும் பாட்டு



காணும் பொங்கல் வந்துவிட்டால் கிருமாம்பாக்கத்திலும் பாகூர் சுற்றுவட்டாரத்திலும் இளைஞர்களுக்கு ஆட்டத்தின் நினைவே நினைவு. கபடிக்குக் கோடு கிழிக்குமுன்னே ஒலிபெருக்கி கட்டியாகிவிடும். ஆட்டம் தொடங்குமுன்னே பாட்டு தொடங்கிவிடும். ஆட்டக்களத்தில் பாடுவது தகுமா, தகாதா? இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

பாட்டே கூடாது என்பவர் நம் ஆட்டத்தை அறியாதவர். சடுகுடு பாட்டோடு பிறந்த ஆட்டமன்றோ? எதிரணியின் எல்லைக்குள் நுழைவதையே ‘பாடிப் போவது’ என்கிறோம். மூச்சு விடாமல் பாடவேண்டும். பாட்டு அறுந்தால் ஆள் வெளியே. பழைய சடுகுடுப் பாட்டுகளில் வீரம் பேசுவதும் உண்டு, எதிராளியைச் சீண்டுவதும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாடிப் போகிறவன் ஏழு பேர் நடுவே தன்னந்தனியே நிற்கிறான். தன் மூச்சையே பணயம் வைத்துப் பாடுகிறான். பிடிபட்டால் அந்தப் பாட்டுக்கு விலை கொடுப்பவனும் அவனே.

வெளியே நிற்கும் நம் நிலை அப்படியா? தெருவின் பெயரையும் சாதியின் பெயரையும் ஏற்றிக் கட்டிய பாட்டை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, கூட்டத்தின் நடுவே மறைந்து நின்று கைகொட்டுகிறவன் எதைப் பணயம் வைக்கிறான்? ஒன்றுமில்லை. அதற்கு விலை கொடுப்பவன், ஆட வந்த இடத்தில் தன் பிறப்புக்காக ஏச்சுக் கேட்கும் பக்கத்தூர்ப் பையன்.

“விளையாட்டாகத்தானே பாடினோம்” என்பீர்கள். ஆட்டத்தில் யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பது அடுத்த பொங்கலுக்குள் மறந்துபோகும். அந்தப் பாட்டு தந்த அவமானமோ மறப்பதில்லை. கைகலப்பும் பகையும் பல இடங்களில் இப்படித்தான் முளைக்கின்றன.

“பாட்டில் சூடு இல்லாவிட்டால் உற்சாகம் ஏது?” என்றும் கேட்கலாம். அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே பேஸ்பால் என்று, மட்டையால் பந்தடித்து ஓடும் ஆட்டம் ஒன்று உண்டு. 1908-ஆம் ஆண்டில் ஜாக் நார்வொர்த் எழுதி ஆல்பர்ட் வான் டில்சர் இசையமைத்த ஒரு பாட்டு இன்றும் அந்த மைதானங்களில் ஒலிக்கிறது. 9 சுற்றுள்ள ஆட்டத்தில் 7-ஆம் சுற்றின் நடுவே இரு அணியின் ஆதரவாளரும் எழுந்து நின்று அதைச் சேர்ந்து பாடுவார்கள். 1970-களில் சிக்காகோவில் ஹாரி கேரி என்னும் ஆட்ட வர்ணனையாளர் கூட்டத்தைத் தம்மோடு பாடவைத்தபின் இவ்வழக்கம் நன்றாக வேரூன்றியது. ‘என்னை ஆட்டம் பார்க்க அழைத்துப் போ’ என்று கேட்கும் எளிய பாட்டு அது. சொந்த அணியை வாழ்த்தும் அடி அதில் உண்டு. எதிரணியை ஏசும் சொல் ஒன்றுகூட இல்லை. நூறாண்டுக்கு மேலாகியும் அதன் உற்சாகம் குறையவில்லையே!

அவ்வளவு தூரம் போவானேன்? 1999 சனவரி 31 அன்று சென்னை சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் அணி இந்தியாவை 12 ஓட்டங்களில் வென்றது. சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் வெற்றி கைநழுவிப் போயிற்று. நெஞ்சு கனத்திருந்தும் மக்கள் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டினார்கள். அவ்வணியினர் மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றார்கள். அன்று தோற்றது இந்திய அணி; சென்னை மக்கள் தோற்கவில்லை.

ஆகவே பாட்டைத் தேர்ந்தெடுக்க ஓர் எளிய உரைகல் சொல்கிறேன். எதிரணிப் பையனின் தாயார் நம் பக்கத்திலே உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முகத்தைப் பார்த்து அந்தப் பாட்டைப் பாட முடியுமா? முடியுமானால் தொண்டை கிழியப் பாடுங்கள். முடியாதானால் அதைப் பாடாதீர்கள்.

பெற்றோரே, ஒலிபெருக்கிக்குப் பணம் கொடுப்பவர்களில் நாமும் இருக்கிறோம். எந்தப் பாட்டு போடுவார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுப்போம். வெளியூர் அணி வந்து இறங்கும்போது முதல் பாட்டு அவர்களை வரவேற்பதாயிருக்கட்டும். அவர்கள் வென்று புறப்பட்டாலும் நம் பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டட்டும். பெரியவர்கள் முதலில் எழுந்தால் பிள்ளைகளும் எழுவார்கள்.

ஞாயிறு காலை பூசையில் பாடுகிற தொண்டைதான் மாலையில் களத்திலும் பாடுகிறது. அங்கே நம்மோடு சேர்ந்து பாடியவன் மாலையில் எதிரணியில் நிற்கக்கூடும். அவன் நெஞ்சு புண்படாத பாட்டையே அங்கும் பாடுவோமாக.