மருந்தும் அபயமும்

இல்லறத்தார் செய்யத்தக்க தானங்கள் நான்கு என நம் ஆன்றோர் வகுத்துள்ளனர். அவை ஆகார தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம், அபய தானம் என்பன. பசித்த உயிர்க்கு உணவும், பிணியுற்ற உயிர்க்கு மருந்தும், அறியாமையில் உழலும் உயிர்க்கு நூலறிவும், அஞ்சி நிற்கும் உயிர்க்கு அடைக்கலமும் அளித்தல் இவற்றின் பொருளாகும். இவற்றுள் ஒன்று வேண்டிய இடத்தில் மற்றொன்றைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நாம் இருந்துவிடலாமா? வெடியோசைக்கு நடுங்கும் நாய்க்கு அச்சம் தணிக்கும் மூலிகை மருந்து கொடுக்கலாமா என்னும் கேள்வி, இப்பெரிய வினாவிற்குள் அடங்கிய ஒன்றேயாகும்.

நாய் ஐம்பொறிகளும் மனமும் உடைய ஜீவன். உயிர்களைப் பற்றி நிற்கும் சம்ஞைகள் நான்கனுள் பயமும் ஒன்று என்பது நம் ஆகமக் கொள்கை. மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியையே உணரும். நாயின் செவியோ ஏறத்தாழ 45,000 அதிர்வுகள் வரை உணர வல்லது. அத்தகைய செவியில் வெடியோசை திடீரெனத் தாக்கும்போது அது நடுங்குகிறது, மூச்சிரைக்கிறது, வாயில் நீர் ஒழுகுகிறது, உணவை மறுக்கிறது, கட்டிலுக்கடியில் ஒளிகிறது, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வழி தவறுகிறது. இது பண்டிகை, நாளை ஓய்ந்துவிடும் என்னும் ஆறுதல் நமக்கு உண்டு, அதற்கு இல்லை. கேட்டுக் கேட்டுப் பழகிவிடும் என்பர் சிலர். ஆனால் அஞ்சும் நாய்கள் பலவற்றுக்கு ஆண்டுதோறும் அச்சம் வளர்கின்றதேயன்றிக் குறைவதில்லை.

இத்துன்பத்தைக் கண்டு இரங்குவோர்க்கு இன்று கடைகளில் பலவகை மூலிகைப் பண்டங்கள் கிடைக்கின்றன. வலேரியன் வேர், சீமைச்சாமந்திப் பூ, அமுக்கராக் கிழங்கு, தேயிலையில் உள்ள தியானின் என்னும் பொருள் ஆகியன அவற்றில் சேர்கின்றன. இவற்றின் பயனைக் குறித்து நாய்களிடம் நடந்த சோதனைகள் பெரும்பாலும் சிறியவை. முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. சில நாய்கள் ஓரளவு தெளிவுறக் கூடும். கடும் அச்சம் உடையவற்றிற்கு இவை போதுமானவை அல்ல. மூலிகை என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது. மனிதர்க்கென ஆக்கிய சில மாத்திரைகளில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சைலிட்டால், நாய்க்குச் சிறிதளவிலேயே நஞ்சாகும். ஆகவே கால்நடை மருத்துவரைக் கேளாமல் எதனையும் கொடுத்தல் தகாது.

சிராவகர்க்கு இதில் வேறு சில நோக்கங்களும் உண்டு. மது, மாமிசம், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதல் நம் அடிப்படை ஒழுக்கம். நாய்க்கென விற்கும் பண்டங்கள் பலவற்றில் சுவைக்காக ஈரல், இறைச்சி முதலியன கலக்கப்படுகின்றன. சில மூலிகைச் சாறுகள் சாராயத்தில் ஊறவைத்து வடிக்கப்படுகின்றன. சில குளிகைகளின் உறை விலங்கெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் ஆகும். ஒரு ஜீவனின் அச்சம் தணிய மற்றொரு ஜீவனின் உடலை விலைக்கு வாங்குவது எவ்வகைக் கருணை? வேரைத் தோண்டினால் செடியே மாய்கின்றது என்பதும் எண்ணத்தக்கது. மனத்தை அமைதிப்படுத்தும் மருந்துகளில் சேரும் சடாமாஞ்சில், இமயமலைச் சாரலில் அளவின்றித் தோண்டப்பட்டு இன்று அழியும் நிலையில் உள்ளது. எனவே உறையில் அச்சிட்டுள்ளதைப் படித்தறிந்து வாங்குதல் நம் கடமையாகும்.

இவற்றினும் ஆழமான கேள்வி ஒன்று உள்ளது. மருந்துண்ட நாய் அசையாது கிடந்தால், அதன் அச்சம் நீங்கிவிட்டது என்று கொள்ளலாமா? அசிபுரோமசின் என்னும் மயக்க மருந்து நெடுங்காலம் இதற்காகக் கொடுக்கப்பட்டு வந்தது. அது உடலைத் தளர்த்துமேயன்றி அச்சத்தைப் போக்குவதில்லை. ஓட முடியாத உடலுக்குள் நடுங்கும் மனம் அப்படியே இருக்கும் என்பது பின்னர் உணரப்பட்டது. இன்று வல்லுநர் அதனைத் தனியே கொடுப்பதை ஏற்பதில்லை. அச்சத்தையே குறைக்கும் மருந்துகளும் இப்போது உள்ளன. டெக்ஸ்மெடிடோமிடின் என்னும் மருந்தை ஈறில் தடவும் களிம்பாக அமெரிக்க அரசு 2015-இல் ஏற்றது. துன்பம் மிகுந்த நாய்க்கு மருத்துவர் வழி இத்தகைய மருந்தைக் கொடுப்பது மெய்யான ஔஷத தானமே. ஆனால் நாய் அடங்கிக் கிடப்பது நம் வசதி. அதன் அச்சம் நீங்குவதே அதற்கு நலம். இவ்விரண்டையும் ஒன்றென மயங்கலாகாது.

"அந்நாய் அஞ்சுவது அதன் பழவினைப் பயன், நாம் என் செய்ய இயலும்?" என வினவுவாரும் உளர். வினை அதனுடையதே ஆகலாம். அவ்வினை பயன்தர நாம் நிமித்தமாக நின்றால், அதனால் நமக்குச் சேரும் வினை யாருடையது? சோர்வுபட்ட மனத்தோடு உயிர்க்குத் துன்பம் விளைத்தலே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் உணர்த்துகின்றது. வெடி கொளுத்துவோர் நாயை வருத்த எண்ணவில்லை என்பது உண்மை. எண்ணாமையே, கருதிப் பாராமையே, இங்குக் குற்றமாகின்றது. "நான் கொளுத்தவில்லை, தெருவார் கொளுத்துகின்றனர்" என்பதும் முழு விடை ஆகாது. செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றும் வினைக்கு வாயில்கள். நம் பிள்ளைகளுக்கு வெடி வாங்கப் பொருள் கொடுத்துவிட்டு, அதே கையால் நாய்க்கு மூலிகையும் கொடுப்போமானால் அது தானம் அன்று. நாமே ஏற்படுத்திய கடனில் ஒரு சிறு பகுதியைத் திருப்பித் தருதலே ஆகும்.

மேலும், மருந்து நம் வீட்டு நாய் ஒன்றையே காக்கும். தெருவில் ஒடுங்கும் நாய்க்கும், தொழுவத்தில் மிரளும் கன்றுக்கும், மரத்திலிருந்து இருளில் பறந்தோடும் பறவைக்கும் யார் குளிகை கொடுப்பார்? ஓசையைக் குறைத்தலோ அவையனைத்தையும் ஒருங்கே காக்கும். ஔஷத தானத்திற்கும் அபய தானத்திற்கும் உள்ள வேற்றுமை இங்கே தெளிவாகின்றது.

இது இயலாத செயலன்று. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், அங்கு வந்து கூடு கட்டும் பறவைகள் அஞ்சும் என்பதற்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்கள் சமணர் அல்லர். ஆயினும் ஓர் ஊரே கூடி அபய தானம் செய்கின்றது. நமக்கோ தீபாவளி பகவான் மகாவீரர் பாவாபுரியில் நிர்வாணம் எய்திய நாள். ஜினசேனர் கி.பி. 783-இல் இயற்றி முடித்த ஹரிவம்ச புராணம் அந்நாளை விளக்கேற்றும் விழாவாகவே கூறுகின்றது. வெடிமருந்து வாணங்கள் இந்நாட்டில் புகுந்தது அதற்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே. விளக்கு நம் மரபு. வெடி இடையில் வந்தது.

சீவக சிந்தாமணியில், உணவைத் தீண்டியமைக்காக அடியுண்டு உயிர் நீங்கும் நிலையிலிருந்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்து பின்னர் அவனுக்கே உற்ற துணையாயிற்று. நாயின் செவி நல்லுரை ஏற்கத் தக்கது என்று நம் காப்பியம் கண்டது. அச்செவிக்கு நாம் எதனைத் தருகின்றோம்?

செய்ய வேண்டுவன கடினமானவை அல்ல. 2018 முதல் தமிழக அரசு தீபாவளியன்று வெடிக்கக் காலை 6 முதல் 7 வரையும், மாலை 7 முதல் 8 வரையும் நேரம் வகுத்து வந்துள்ளது. அந்நேரத்திற்கு முன்பே நாய்க்கு உணவளித்து, உலாவச் செய்து, சன்னல் அடைத்த உள்ளறையில் அதன் பழைய துணியை விரித்து, ஒருவர் உடனிருக்கலாம். அஞ்சும்போது தடவிக் கொடுத்தால் அச்சம் வளரும் என்பது தவறான எண்ணம். கட்டி வைத்தல் தகாது. கட்டுதலும் அஹிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றன்றோ? பண்டிகைக்குச் சில மாதம் முன்னிருந்தே, பதிவு செய்த வெடியோசையை மிக மெல்லியதாக ஒலிக்கவிட்டு, உடன் விருப்பமான உணவை அளித்துப் பழக்குதல் நற்பயன் தரும். இவற்றிற்குப் பின்னும் அச்சம் மிகுமாயின் மருத்துவரைக் கண்டு மருந்து கொடுக்கலாம்.

சிராவகப் பெருமக்களே! முதலில் அபயம், பின்னர் ஔஷதம் என்னும் முறையை நம் இல்லங்களில் நிலைநிறுத்துவோம். நம் பிள்ளைகளின் கையில் வெடிக்குப் பதிலாக அகல் விளக்கைக் கொடுப்போம். தெருவாரிடமும் இன்சொல்லால் எடுத்துரைப்போம். நம் வாயிலில் ஒதுங்கும் நாய் அஞ்சாமல் உறங்குமாயின், வீர நிர்வாண நாளை நாம் முறையாகக் கொண்டாடியவர் ஆவோம்.

வாழ்க அஹிம்சை! வளர்க ஜின தருமம்!